வாய்மையும் வினாத்தாளும்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான 'கிளாட்' நுழைவுத் தேர்வு 2008 முதல் நடைபெற்று வருகிறது. அதில் ஒருவகை வினா உண்டு. ஒரு நெறி கூறப்படும். ஒரு நிகழ்ச்சி தரப்படும். தரப்பட்ட நெறியை மட்டுமே கொண்டு முடிவு காணல் வேண்டும். நம் சொந்தக் கருத்துக்கு ஆங்கு இடமில்லை.

இம்முறையில் திருக்குறளின் 30ஆம் அதிகாரமாகிய வாய்மையை ஆராய்வோம். எவர்க்கும் சிறிதும் தீங்கு விளைக்காத சொல்லே வாய்மை என்பது 291ஆம் குறளின் கருத்து. குற்றமற்ற நன்மையை விளைக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது அடுத்த குறள். இதுவே நெறி.

நிகழ்ச்சி இது: தில்லியில் வாழும் மகன் வேலையை இழக்கிறான். ஊரிலுள்ள தாயிடம் தொலைபேசியில், "எல்லாம் நலம்" என்கிறான். தாய் கவலையின்றி உறங்குகிறாள். மகன் சொன்னது வாய்மையாகுமா?

"ஆகாது, பொய் எந்நிலையிலும் தவறே" என்பார் உளர். அஃது 1797இல் செருமானிய அறிஞர் காண்ட் வற்புறுத்திய நெறி; வள்ளுவர் நெறியன்று. தரப்படாத நெறியைக் கொண்டு விடை கூறுதல் பிழை.

"ஆகும், நன்மை விளைந்ததே" என்பாரும் உளர். இவர்கள் 'நன்மை'யைக் கண்டனர். அதற்கு முன் நிற்கும் அடைமொழியைக் காணவில்லை. மகனின் வருவாயை நம்பித் தாய் நாளை கடன் வாங்குவாளாயின், இன்றைய உறக்கம் குற்றமற்ற நன்மையாகுமா? மகனின் நோக்கம் நல்லதாயினும் அது போதாது. குறள் பேசுவது விளைவைப் பற்றி.

வினாத்தாளில் நிகழ்ச்சி முற்றுப்பெற்று விடுகிறது, வாழ்வில் அவ்வாறன்று. பொய் சொல்லும் வேளையில் அதன் விளைவு எவர்க்கும் தெரியாது. இக்குறையை நிரப்பவே போலும், 293ஆம் குறள் நெஞ்சைச் சான்றாக நிறுத்துகிறது. தன் நெஞ்சறியப் பொய் சொன்னவனை அந்நெஞ்சே சுடும் என்கிறார் வள்ளுவர். 292ஐ மட்டும் எடுத்தாள்வோர் பலர்; அடுத்த குறளோடு சேர்த்துப் படிப்போர் சிலரே.

ஊர்விட்டு வந்து வாழும் நாம், "எல்லாம் நலம்" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! தேர்வில் மதிப்பெண் இடுபவர் பிறர். இவ்வினாவுக்கு மதிப்பெண் இடவேண்டியது நம் நெஞ்சமே.