ஒரே தோல், இரு விலை

பாலாற்றங்கரையில் ஒரே தோலுக்கு இரு விலை உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பதமாகி, காலணியாகிக் கப்பலேறினால் அது நாட்டுக்குச் செல்வம். அதே மாட்டுத்தோல் வளையத்தில் இழுத்துக் கட்டப்பட்டுப் பறையானால் இழிவு, தீட்டு! தீட்டு தோலிலா இருக்கிறது? அடிப்பவன் பிறப்பைப் பார்த்துச் சாதி குத்திய முத்திரையன்றோ அது! அந்த முத்திரையைக் கிழிக்கப் புறப்பட்ட ஒரு கலைக்குழுவை இங்கே மதிப்பிடுவோம்.

2018 சனவரி 6இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்சும் கூடி அமைத்தது. பண்டிதர் அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் கருத்தே பெயருக்கு ஊற்று. வடசென்னைச் சாவு வீடுகளில் ஒலித்த கானா, கிட்டாரோடும் பறையோடும் கைகோத்தது. ஆடவர் குரலே ஆண்ட கானாவில் இசைவாணியின் குரல் ஓங்கியது. இடஒதுக்கீட்டின் நியாயம், மாட்டிறைச்சி உண்ணும் உரிமை, ஆணவக் கொலையின் கொடுமை ஆகியவை பாடுபொருளாயின. பக்தியும் காதலுமே இசைக்கு உரியவை என்றிருந்தோர் திகைத்தனர். திகைக்கட்டும்!

ஆயினும், ஒரு கேள்வி நம் தோழர்களிடையே நெடுநாளாக உண்டு. பறையை ஏந்துவதா, எறிவதா? சாவுக்குப் பறையடிப்பதை ஊழியமாகத் திணித்த ஊர்களில், "இனி அடியோம்" என்று மறுத்ததே விடுதலையின் முதற்படி. மறுத்தவர்கள் அதற்காக அடியும் உதையும் பட்டனர். மறுபுறம், 1990களில் மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி நடத்திய தலித் கலைவிழாக்கள் அதே பறையை விடுதலைக் கருவியாக்கின. இரண்டும் முரண் அல்ல. இழிவு கருவியில் இல்லை, கட்டாயத்தில் இருக்கிறது. ஆண்டை ஏவ அடித்தால் அடிமைத்தனம். தானே விரும்பி, தன் உரிமைக்காக அடித்தால் கலை. இந்த உண்மையைப் பல்லாயிரம் இளைஞர் செவிகளில் ஏற்றியதே இக்குழுவின் முதன்மையான வெற்றி.

குறை? உண்டு. திரையுலகப் புகழும் இசை நிறுவனமும் தாங்கிநிற்கும் மேடை, அவை விலகினால் என்னாகும்? சென்னையில் கூடிக் களிக்கும் கூட்டம், சேரிக்குத் திரும்பியதும் என் செய்யும்? இதற்கு அமெரிக்காவில் மெக்சிகோ வழிவந்த சிக்கானோ மக்கள் விடை காட்டினர். 1965இல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, லூயிஸ் வால்டெஸ் அவர்களையே நடிகராக்கி நாடகக் குழு அமைத்தார். லாரியின் தட்டே மேடை! சான் டியேகோவில் பாலம் கட்டிக் குடியிருப்பைப் பிளந்த அரசு, பூங்கா தருவதாகச் சொன்ன இடத்தில் காவல் நிலையம் கட்ட முனைந்தது. 1970 ஏப்ரல் 22இல் மக்கள் திரண்டு நிலத்தைக் கைப்பற்றினர். 1973 முதல் அப்பாலத்தின் தூண்களிலேயே தம் வரலாற்றைத் தீட்டினர். முதலில் நிலம், பிறகு ஓவியம். அதனால்தான் அந்தக் கலை இன்றும் நிற்கிறது.

தோல் தொழிலின் நாடான நம் பகுதிக்கு வருவோம். தோல் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. எனினும் 2015 சனவரி 31 விடியுமுன், இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர் மாண்டனர். தீர்ப்பு நூலகத்தில் இருக்கிறது. மாண்டவர் கதை எந்தச் சுவரில் இருக்கிறது? செருப்பு தைக்கும் பெண்ணின் விரல்வலியை எந்த மேடை பாடும்? சென்னையிலிருந்து குழு வருமெனக் காத்திருப்பதா?

வேண்டாம், தோழர்களே! கூத்துக்குப் பேர்போன வடாற்காட்டு மண் இது. ஆலைவாயில் மேடையாகட்டும், தொழிலாளியே பாடகனாகட்டும், பெண்களே கதை சொல்லட்டும். காஸ்ட்லெஸ் கலெக்டிவைக் கைதட்டிப் பாராட்டுவது எளிது. அது பிறந்ததன் பயன், பாலாற்றங்கரையில் அதுபோல் பத்துக் குழு பிறப்பதில்தான் இருக்கிறது. அன்றுதான் ஒரே தோலுக்கு ஒரே விலை!