யார் யாருக்குக் கடன்: ‘நாஸ்ட்ரடாமஸ்’ மீதான வசைகளை முன்வைத்து

‘அந்த ஆல்பத்தப் பத்தி மட்டும் பேசாதீங்கண்ணே. நம்மள ஏமாத்திட்டான்’ என்றான் நண்பன். ராப் இசையை என்னைவிட அதிகம் கேட்பவன். ஆல்பம் என்று அவன் குறிப்பிட்டது நியூயார்க் ராப் பாடகர் நாஸ் 1999 நவம்பர் 23 அன்று வெளியிட்ட ‘நாஸ்ட்ரடாமஸ்’. அன்று இவன் பிறந்திருக்கவே இல்லை. பிறப்பதற்கு முன் நடந்த ஒரு துரோகத்திற்காக இவ்வளவு ஆத்திரப்படுகிறான் என்றால் இந்த ஆத்திரம் எங்கிருந்தோ இவனுக்குக் கைமாற்றித் தரப்பட்டிருக்க வேண்டும். என்னை உறுத்தியது அந்த ‘நம்மள’ என்கிற சொல்தான். யார் இந்த நாம்? நமக்கும் அந்த மனிதனுக்கும் இடையில் எப்போது, எதை வைத்து ஒப்பந்தம் எழுதப்பட்டது?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாசிர் ஜோன்ஸ் வளர்ந்தது குயின்ஸ்பிரிட்ஜில். 1939இல் திறக்கப்பட்ட அரசுக் குடியிருப்பு அது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், அமெரிக்காவின் ஆகப் பெரிய ஏழைக் குடியிருப்பு. அங்கிருந்து 1994 ஏப்ரலில், தன் இருபதாவது வயதில், ‘இல்மேட்டிக்’ என்ற ஆல்பத்தை அவன் வெளியிட்டான். பத்தே பதிவுகள், நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. டி.ஜே. பிரீமியர், பீட் ராக், க்யூ-டிப், லார்ஜ் புரொஃபஸர், எல்.இ.எஸ். என்று பலர் இசை கோத்தார்கள். ‘தி சோர்ஸ்’ பத்திரிகை தன் உச்ச மதிப்பீடான ஐந்து மைக்குகளைக் கொடுத்தது. அன்றோடு அது ஒரு பிரதி என்ற நிலையிலிருந்து புனிதப் பிரதி என்ற நிலைக்கு நகரத் தொடங்கிவிட்டது. அதன் பின் நாஸ் எதைச் செய்தாலும் அதன் பக்கத்தில் வைத்து அளக்கப்பட்டது. 1996இன் ‘இட் வாஸ் ரிட்டன்’ வணிகரீதியாக முதலிடம் பிடித்தது. சமரசம் என்று திட்டினார்கள். திட்டியவர்களில் பலர் இன்று அதைக் கொண்டாடுகிறார்கள் என்பது தனிக் கதை.

1999க்கு வருவோம். நாஸ் திட்டமிட்டது ‘ஐ ஆம்’ என்ற இரட்டை ஆல்பம், ஒரு தன்வரலாறு. பிறப்பதற்கு முன் கருப்பையிலிருந்து பேசுகிற ஒரு பாட்டுகூட அதில் உண்டு. வெளியாவதற்கு முன்பே பதிவுகள் கசிந்தன. தெருவோரக் கள்ளத் தட்டுகளாகவும் எம்.பி.3 கோப்புகளாகவும் பரவின. நாப்ஸ்டர் வந்தது அந்த ஆண்டு ஜூனில்தான். இந்தக் கசிவு அதற்கும் முந்தியது. கசிந்தவற்றில் பலவற்றைத் தூக்கிவிட்டு, வேறு பாட்டுகளைச் சேர்த்து, ஒற்றைத் தட்டாக ‘ஐ ஆம்’ ஏப்ரலில் வந்தது. அந்த ஆண்டிலேயே இன்னொன்றும் வந்தாக வேண்டும் என்றாகி, ஏழரை மாத இடைவெளியில் அவசர அவசரமாக ஒப்பேற்றப்பட்டதுதான் ‘நாஸ்ட்ரடாமஸ்’.

ஏன் வந்தாக வேண்டும்? அதற்கு முந்தைய ஆண்டில் டி.எம்.எக்ஸ். ஒரே ஆண்டுக்குள் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டு இரண்டையும் முதலிடத்தில் உட்காரவைத்திருந்தார். ஜே-ஸீ வருடத்துக்கு ஒன்று தவறாமல் தந்துகொண்டிருந்தார். இசை நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் இது ஒரு புதிய அளவுகோலாக ஏறிவிட்டது. டி.எம்.எக்ஸின் முதல் ஆல்பத்தைச் செதுக்கிய டேம் கிரீஸையே நாஸும் அழைத்து வந்து சில பாட்டுகளை ஒப்படைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. எவனுடைய வேகத்தோடு போட்டியோ அவனுடைய ஆளையே கூப்பிட்டுக்கொள்வது.

சரி, ஆல்பம் எப்படி? மோசம். சும்மா சொல்லக்கூடாது, பல இடங்களில் மகா மோசம். கவிஞர் ஜெசிகா கேர் மூரின் குரலில் தீர்க்கதரிசனத் தோரணையோடு தொடங்கி அவர் குரலிலேயே முடிகிறது. நடுவில் தீர்க்கதரிசனம் என்று எதுவும் இல்லை. ‘நியூ வேர்ல்ட்’ என்ற பாட்டு டோட்டோ குழுவின் ‘ஆப்பிரிக்கா’வை எடுத்துச் சுற்றவிட்டு, புதிய காலத்தின் சமாச்சாரங்களைப் பட்டியல் போடுகிறது. பட்டியல்தான், பார்வை இல்லை. ‘இல்மேட்டிக்’கில் ‘ஒன் லவ்’ என்ற பாட்டு சிறையிலிருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களாகவே அமைந்தது. கடிதம் எழுதுகிறவன் உட்கார வேண்டும், யோசிக்க வேண்டும், எதைச் சொல்வது எதை மறைப்பது என்று தயங்க வேண்டும். அந்தத் தயக்கம் இங்கே இல்லை. ஆனால் ‘லாஸ்ட் வேர்ட்ஸ்’ இருக்கிறது. அதில் பேசுவது ஒரு சிறை அறை. கைதி பேசவில்லை, வார்டன் பேசவில்லை, நான்கு சுவர்கள் பேசுகின்றன. தன்னுள் வந்துபோன மனிதர்களை, அவர்கள் உடைந்த விதத்தை அது சொல்கிறது. 1996இல் ஒரு துப்பாக்கியைப் பேசவைத்தவனின் அதே கை. வசைகளில் இந்தப் பாட்டு காணாமல் போய்விட்டது.

வசைகளில் தவறாமல் இடம்பெறுவது ‘யூ ஓ மீ’. டிம்பலண்ட் இசையில், ஜினுவைன் சேர்ந்து பாடிய நடனப் பாட்டு. நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்று பொருள். கிளப்புக்கு விலைபோய்விட்டான், தெருவை மறந்துவிட்டான் என்பது நான் கேட்ட குற்றச்சாட்டு. அந்தப் பாட்டு என்னதான் சொல்கிறது என்று இவர்கள் காதுகொடுத்தார்களா? ஓர் ஆண் ஒரு பெண்ணிடம் தான் செய்த செலவைச் சொல்லிக்காட்டி, அதற்கு ஈடாக அவள் உடலைக் கேட்கிறான். இதற்காக யாரும் கோபப்பட்டதாக எனக்கு நினைவில்லை. தாளம் துள்ளியதுதான் பிரச்சினையாம். இதே பேரத்தை இருண்ட பியானோவின் மேல் சொல்லியிருந்தால் ‘தெருவின் உண்மை’ என்று பாராட்டியிருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அவளுடைய ‘கடனை’ச் சொல்ல வருகிறவன் ஓர் உவமைக்காக, கறுப்பர்களுக்குச் சேர வேண்டிய நாற்பது ஏக்கரைத் தொட்டுவிட்டுப் போகிறான். 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில், தளபதி ஷெர்மன் பிறப்பித்த உத்தரவு விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் ஒதுக்கியது. அதே ஆண்டிலேயே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்து செய்து, நிலத்தைப் பழைய எஜமானர்களிடமே திருப்பினார். அமெரிக்க வரலாற்றின் தீராத கடன் அது. குயின்ஸ்பிரிட்ஜ் மாதிரி அடுக்குக் குடியிருப்புகளில் இத்தனை கறுப்பர்கள் ஏன் வாழ நேர்ந்தது என்று கேட்டால், பதிலின் ஒரு நுனி அங்கேதான் போய் முட்டும். அந்தச் சொல் வாயில் வந்து விழுகிறது. விழுந்ததை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணைப் படுக்கைக்கு அழைக்கும் பேச்சில் ஒரு கைச்சரக்காக அதைச் செலவழித்துவிட்டுப் போகிறான். அவசரம் என்ன செய்தது என்று என்னைக் கேட்டால் நான் காட்டும் இடம் இதுதான். இருபது வயது நாஸ் அந்தச் சொல்லின் மேல் ஒரு முழுப் பாட்டையே கட்டியிருப்பான்.

இந்த ஆல்பத்தின் மீதான மிகச் செல்வாக்கான விமர்சனத்தை எழுதியது எந்தப் பத்திரிகையாளரும் அல்ல. 2001 செப்டம்பரில் வந்த ‘டேக்ஓவர்’ என்ற பாட்டில் ஜே-ஸீ, நாஸின் ஆல்பங்களை வரிசைப்படுத்தி, எத்தனை தேறும் எத்தனை தேறாது என்று கூட்டிக் கழித்து, ஆண்டுக்கணக்கில் வகுத்து சராசரி போட்டுக் காட்டினார். விமர்சனத்தைக் கலைக்குள்ளேயே வைத்திருக்கும் வடிவம் ராப். அந்த வகையில் எனக்கு அந்தப் பாட்டின் மீது மரியாதை உண்டு. ஆனால் அது ஒரு வியாபாரியின் ஐந்தொகை. ரசிகர்களும் விமர்சகர்களும் அந்த ஐந்தொகையை அப்படியே வாங்கி மனப்பாடம் செய்துகொண்டார்கள். என் நண்பனுக்குக் கைமாற்றித் தரப்பட்டதும் அதுதான். சந்தைக்கு அடிபணிந்தான் என்று நாஸைக் குற்றம்சாட்டியவர்கள் அதற்குப் பயன்படுத்திய அளவுகோல், இத்தனை வருடத்தில் இத்தனை உருப்படி என்கிற சந்தையின் அளவுகோலே.

சந்தை என்று பேச்செடுத்ததால் ஒரு தகவல். ‘இல்மேட்டிக்’ பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றைப் பெற 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘நாஸ்ட்ரடாமஸ்’ அதை 1999 முடிவதற்குள்ளாகவே பெற்றுவிட்டது. அந்தப் புனிதப் பிரதிக்குக் காணிக்கை செலுத்துகிறவர்களில் எத்தனை பேர் அது வந்த ஆண்டில் காசு கொடுத்து வாங்கினார்கள்?

கேட்கிற யோக்கியதை எனக்கும் கிடையாது. நான் நாஸை முதலில் கேட்டதே பெயர் எழுதாத நகல் கேசட் ஒன்றில்தான். கசிந்த பாட்டுகளைப் பிரதியெடுத்துப் பரப்பிய கைகள் கேட்பவர்களுடையவை, என்னைப் போன்றவர்களுடையவை. தன்வரலாறு கலைக்கப்பட்டதற்கும் அவசர ஆல்பம் பிறந்ததற்கும் அந்தக் கைகளுக்குப் பங்கு உண்டு. பிறகு அதே வாய் ஏமாற்றிவிட்டான் என்கிறது. கைவிடப்பட்ட பாட்டுகளில் சில 2002இல் ‘தி லாஸ்ட் டேப்ஸ்’ தொகுப்பில் வந்தபோது, இதையல்லவா அப்போதே போட்டிருக்க வேண்டும் என்று எல்லோரும் அங்கலாய்த்தார்கள்.

நாஸும் அந்தத் தீர்ப்புக்குத் தலைவணங்கினான் என்பதுதான் எனக்கு வருத்தம். 2001 டிசம்பரில் வந்த பதில் ஆல்பத்திற்கு அவன் வைத்த பெயர் ‘ஸ்டில்மேட்டிக்’. நான் இன்னும் உங்கள் பழைய பையன்தான் என்கிற விண்ணப்பம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ‘தி சோர்ஸ்’ மறுபடியும் ஐந்து மைக்குகளைக் கொடுத்தது. கடன் அடைந்ததாக ரசீது.

அவசரமே குற்றம் என்று முடிவுகட்டவும் முடியவில்லை. 2018இல் கான்யே வெஸ்ட் ஐந்து வாரத்தில் ஐந்து ஆல்பங்கள் என்று ஓடிய ஓட்டத்தில், ஏழு பாட்டுகளோடு வந்தது நாஸின் ‘நாசிர்’. மறுபடியும் முணுமுணுப்பு. 2021 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், முன்னறிவிப்பு அதிகம் இல்லாமல், அடுத்த பெரிய ஆல்பத்துக்கு இடையில் ஓர் இடைப்பலகாரம் மாதிரி ஒன்பது பாட்டுகளோடு வந்த ‘மேஜிக்’கை எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அதற்குள் அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஹிட்-பாய் என்ற ஒரே இசையமைப்பாளரோடு இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்து பழகியிருந்தான். யாருடைய வேகத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. 1999இல் வேகம் கடன்காரனின் கையில் இருந்தது.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். ‘லாஸ்ட் வேர்ட்ஸ்’ பாட்டை அவன் கேட்டதே இல்லை என்பது அப்போது தெரிந்தது. போனில் போட்டுக் கேட்டான், இரண்டு தடவை. ‘இது வேறண்ணே’ என்றான். கொஞ்ச நேரம் கழித்து, ‘ஆனா அந்த யூ ஓ மீய நான் எப்பவும்போல தள்ளிவிட்டுட்டுத்தான் போவேன்’ என்றான். நான் அதைத் தள்ளுவதில்லை. அந்த நாற்பது ஏக்கர் வருகிற இடத்துக்காக ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவன் நிற்காமல் கடந்து போகிறான்.