பிழாவில் ஆறிய கூழ்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் கோவளம் போயிருந்தேன். கார்மேல் மாதா கோயிலுக்குப் பக்கத்தில், எனக்குப் பழக்கமான மீனவர் வீட்டில், அவருடைய மனைவி துணி சுற்றிய ஒரு புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டிலேயே போட்ட திராட்சை ஒயின். "இப்பத் தொறந்துடாதீங்க சார், ரெண்டு நாளு போவணும்" என்றார். இன்னும் நாலைந்து வீடுகளுக்கு அவர் மகள் புட்டிகளைச் சுமந்து போய்க்கொண்டிருந்தாள். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்துக்கு இது சம்மதமாக இராது. நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீடு திரும்பியதும் பெரும்பாணாற்றுப்படையைத் தேடி எடுத்தேன். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, ஐந்நூறு அடி. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், பசித்து வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழியில் வலைஞர் குடியிருப்பு. அது கோவளம் என்று நான் சாதிக்கப் போவதில்லை; குளத்து மீன் பிடிக்கிறவர்கள் அவர்கள். அதற்கு அப்பால் வருகிற நீர்ப்பெயற்று என்ற துறையைத்தான் ஆய்வாளர் சிலர் மாமல்லபுரம் என்கிறார்கள்.

அங்கே நல்ல மது கிடைக்கும் என்று சொல்லிவிட்டுக் கவி மேலே போயிருக்கலாம். போகவில்லை. குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாயகன்ற பிழாவில் ஊற்றி ஆற்றுகிறார்கள். இடித்த நெல்முளையைச் சேர்க்கிறார்கள். பார்வைக்கு அது புற்றுக்குள் இருக்கும் குரும்பி மாதிரி இருக்கிறதாம். சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு. பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு, களைத்து வந்தவனுக்குக் கொடுக்கிறார்கள். முளைவிட்ட தானியம் கூழின் மாவைச் சர்க்கரையாக்கும்; சர்க்கரை புளித்து மதுவாகும். ஐரோப்பியர் பார்லியில் செய்கிற பீரும் இதே வழிதான்.

அதியமான் கள் கொடுத்ததை அவ்வை நினைத்து அழும் புறநானூற்றுப் பாட்டு, 235-ஆவது, எல்லோருக்கும் தெரியும். அதில் கொடுப்பவன் பெரியவன். கள் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. உருத்திரங்கண்ணனார் கொடுப்பவரின் பேரைக்கூடச் சொல்லவில்லை, செய்த கையைச் சொல்கிறார். முடிவில் இளந்திரையன் தரும் பொற்றாமரை எனக்கு அவ்வளவாக மனசில் நிற்கவில்லை. அது கஜானாவிலிருந்து வருவது. இதற்கு இரண்டு நாள் ஒருவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றினார். அப்போதிருந்தே இந்த அடிகள் நம் கையில் இருக்கின்றன. பண்டைத் தமிழர் பெருமை பேசும் மேடைகளில் பொற்றாமரை வரும், தேர் வரும், கூழ் வராது. வெட்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

கதை எழுதுகிறவர்களும் மேடைக்காரர்களுக்குச் சளைத்தவர்களல்ல. நம் நாவல்களில் குடிகாரனுக்குக் குறைவில்லை. அவன் தள்ளாடுவான், மனைவியை அடிப்பான், மூன்றாம் அத்தியாயத்தில் மனைவியின் தாலியை விற்பான். இதெல்லாம் உண்மையில் நடக்கிறது, எழுதத்தான் வேண்டும். ஆனால் குடத்துக்குப் பக்கத்தில் இருப்பவரை நாம் எழுதியதில்லை. கோவளத்தை வைத்து நானே ஒரு கதை எழுதியிருக்கிறேன். அதில் ஒரு மீனவன் பக்கம் பக்கமாகக் குடிக்கிறான். அவன் மனைவிக்கு நான் கொடுத்த ஒரே வேலை அழுவது. அந்தக் கதையை எழுதிய நாட்களில் இதே வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே திராட்சை பிசையும் வாசனை வந்திருக்க வேண்டும். அதைக் கவனித்ததாக ஞாபகமில்லை.

கதை புத்தகமாகவும் வந்துவிட்டது. இனித் திருத்த முடியாது. புட்டியைப் பண்டிகை அன்று திறந்தேன். கொஞ்சம் புளிப்பு அதிகம்.