உருளைமேல் ஓடும் ஆய்வு

வோக்ஸ்வாகன் டீசல் மோசடி 2015இல் வெளிவந்தபோது அது வாசிக்கப்பட்ட விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. 'பல்கலைக்கழகத்துப் பையன்கள் சிலர் ஒரு ராட்சசக் கம்பெனியைச் சாய்த்தார்கள்' என்கிற வீரகதையாகவே அது புழங்கியது. நேர்மையான ஆய்வாளர், பேராசை பிடித்த முதலாளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இக்கதையாடல் ஒரு கேள்வியை மூடிவிடுகிறது: ஆய்வாளர் எதைக் கேட்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

முதலில் டீசல் எப்படிப் 'பசுமை' ஆனது என்று பார்க்கணும். 1998இல் ஐரோப்பிய ஆணையமும் ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2008க்குள் புதிய கார்களின் சராசரி கரியமில வாயு, கிலோமீட்டருக்கு 140 கிராம். இந்த அளவுகோலில் டீசல் பெட்ரோலை ஜெயித்தது. டீசல் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் நுரையீரலைக் கெடுக்கும்; அது இந்தக் கணக்கில் வராது. பூமியைக் காப்பது பற்றிய சொல்லாடல், தெருவில் மூச்சுவிடுகிறவர்களைக் கணக்குக்கு வெளியே தள்ளியது இப்படித்தான்.

இந்தப் பின்னணியில் அமெரிக்காவின் இரண்டு ஆய்வகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம்.

2013இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டான் கார்டரின் குழு, டிக்கியில் அளவுக் கருவியை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் சாலைகளில் கார் ஓட்டியது. பணம் கொடுத்த அமைப்பு தேடியது மோசடியை அல்ல. அமெரிக்காவில் டீசல் கார் சுத்தமாக ஓடுகிறது, ஐரோப்பாவிலும் முடியும் என்று காட்டத்தான் நினைத்தது. கிடைத்தது நேர்மாறு. ஜெட்டா கார், அனுமதித்த அளவைப்போல 15 முதல் 35 மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கியது.

2014இல் நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கி நகரில் இன்னோர் ஆய்வகம். 10 குரங்குகளைக் கூண்டறையில் அடைத்து, கார்ட்டூன் படம் போட்டுக்காட்டி, வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் புகையைச் சுவாசிக்க வைத்தார்கள். பணம், வோக்ஸ்வாகன், டைம்லர், பிஎம்டபிள்யூ நிதியில் நடந்த ஓர் ஆய்வு அமைப்பினுடையது. புது டீசல் தீங்கற்றது என்று காட்டணும், அவ்வளவுதான். கார் ஓடியது ஆய்வக உருளைமேல். தான் சோதிக்கப்படுவதை உணர்ந்து புகையைக் குறைத்துக்கொள்ளும் மென்பொருள் அதற்குள் இருந்தது. அங்கிருந்த ஆய்வாளர்களுக்கே அது தெரியாது.

இரண்டு இடத்திலும் கூலிக்கு வேலை செய்த ஆய்வாளர்கள்தான். ஒரு பக்கம் யோக்கியர், மறுபக்கம் அயோக்கியர் என்று பிரிப்பது எளிது; பயனில்லை. வித்தியாசம், கார் எங்கே ஓடியது என்பதில். உருளை, விடையை முன்கூட்டியே வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்வி. ஆய்வாளரின் பிழைப்பும் அப்படித்தான். நிதி விண்ணப்பம், ஒப்பந்த நீட்டிப்பு, பதவி உயர்வு என்று சோதனை நடக்கும்போதெல்லாம் எப்படி ஓடணும் என்று அவருக்குத் தெரியும். இதற்கென்று யாரும் மென்பொருள் எழுத வேண்டாம், சம்பளமே எழுதிவிடும்.

பிறகு யாருக்கு என்ன ஆயிற்று? கம்பெனிக்கு உடந்தையாக இருந்த பொறியாளர் ஜேம்ஸ் லியாங்குக்கு 2017இல் 40 மாதச் சிறை. மேற்கு வர்ஜீனியா குழுவில் இருந்த இந்திய மாணவர் ஒருவர் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். 2019 பிப்ரவரியில் நடந்த பெரும் ஆட்குறைப்பில் வேலை போனது. புகைச் சோதனை விவகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது கம்பெனி. இருக்கட்டும். ஆனால் உண்மையைக் கண்டுபிடித்தது அவர் வேலைக்கு ஒரு காப்பாகவில்லையே.

தனியார் பணம் கெட்டது, அரசுப் பணம் நல்லது என்று தோழர்கள் முடித்துவிடக்கூடும். 140 கிராம் உடன்பாட்டில் ஒரு தரப்பு அரசுகளின் ஆணையம்தானே? சாலையில் வைத்து அளப்பது ஐரோப்பாவில் கட்டாயமானது 2017இல், மோசடி அம்பலமான பிறகுதான். அதையும் ஆய்வாளரின் தனிப்பட்ட நேர்மை மட்டுமே கொண்டுவந்துவிடவில்லை.

போராட்டங்களில் நிபுணர் அறிக்கைகளை நாமும் தூக்கிப் பிடிக்கிறோம். பணம் யாருடையது என்று மட்டும் கேட்டால் போதாது. எதை அளந்தார்கள், எங்கே வைத்து அளந்தார்கள், யாருடைய மூச்சு கணக்கில் வரவில்லை என்பதையும் கேட்டாகணும். அறிக்கையின் முடிவுரையை அதற்கப்புறம் படிக்கலாம்.