காரணம் சொல்லும் பேய்கள்

பேய்க்கதை எழுதுகிறவனுக்கு மாதத்தில் முப்பது நாளும் அமாவாசை என்று வாசகர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கல்பாக்கத்தில் குடியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் போதும், 'பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினம் கோட்டை, உள்ளே டச்சுக்காரர்களின் கல்லறைகள், உமக்கு விஷயத்துக்கா பஞ்சம்?' என்பார்கள். அந்தக் கல்லறைகளை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சித்திர வேலையும் எழுத்தும் பொறித்த அழகான கற்கள். ஆனால் அங்கே எனக்குப் பயம் வந்ததில்லை. இரண்டரை நூற்றாண்டுக்கு முன் செத்துப்போன அந்த அயல்நாட்டாரை நினைத்து அழ இன்று யாரும் இல்லை. அழ ஆள் இல்லாத இடத்தில் பேய்க்கு என்ன வேலை?

என் புத்தகங்களை நானே அச்சிட்டு நானே விற்கிறவன் நான். ஆகையால் 'இந்த மாதம் என்ன செய்தாய்?' என்று கேட்கப் பதிப்பாளர் யாருமில்லை. கேட்டிருந்தால், எழுதியது பதினோரு பக்கம், படித்தது இரண்டு கதை, பார்த்தது நான்கு படம் என்று கணக்குச் சொல்லியிருப்பேன். பதினோரு பக்கம் ஏன் பதினோரு பக்கத்திலேயே நிற்கிறது என்பதற்குப் படித்தவையும் பார்த்தவையுமே காரணம்.

முதலில் படித்தது, எத்தனையாவது தடவையோ, புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. 1943-இல் வந்த கதை. கதை சொல்கிறவர் ஓர் எழுத்தாளர். ஊர் பேர் தெரியாத ஒரு பிச்சைக்காரியை அவர் மனைவி இரக்கப்பட்டு வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் விஷயம். அப்புறம் வீட்டுக்குள் என்னவோ ஒரு நாற்றம். அதுவே வாசனையாக மாறுகிறது. அந்தப் பெண் கதை சொல்வதில் கெட்டிக்காரி, மனைவிக்கோ கதை கேட்பதில் ஆசை. கணவருக்குத் தூக்கம் போகிறது. வந்தவள் யார், எதற்காக வந்தாள், இவர்களிடம் அவளுக்கு என்ன பாத்தியதை என்பதை ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. கதையில் பாழடைந்த மாளிகை கிடையாது, நரி ஊளையிடுவதும் கிடையாது. நம் வீட்டைப்போல் ஒரு வீடு, நம் வீட்டு அம்மாளைப்போல் ஒரு மனைவி. வேலைக்காரி கிடைத்தாளே என்று சந்தோஷப்படும் அந்தச் சாதாரண சந்தோஷத்துக்குள்ளேதான் பயத்தை ஒளித்து வைத்திருக்கிறார். எண்பது வருஷம் ஆகியும் அது அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது, வைக்கம் முகம்மது பஷீரின் 'நீலவெளிச்சம்'. இதிலும் கதை சொல்கிறவர் எழுத்தாளர்தான். வாடகை மலிவு என்று ஒரு வீட்டைப் பிடிக்கிறார். அந்த வீட்டுக் கிணற்றில் விழுந்து பார்க்கவி என்ற பெண் இறந்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் தெரிகிறது. ஓடிவிடவில்லை. அவளோடு பேச ஆரம்பிக்கிறார்! ஒரே வீட்டில் ஒண்டுக் குடித்தனம் இருப்பவரோடு பேசுவதுபோல, மரியாதையாக, கொஞ்சம் கேலியாக, நடுநடுவே பயந்துகொண்டும். ஓர் இரவு எழுதிக்கொண்டிருக்கும்போது விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோகிறது. வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் அறை முழுதும் நீல ஒளி. கதை முடிந்தது. அந்த ஒளி எங்கிருந்து வந்தது என்று பஷீர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. படித்து முடித்த எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இதே கதையை 1964-இல் 'பார்கவி நிலையம்' என்ற படமாக்கினார்கள். வின்சென்ட் இயக்கியது, திரைக்கதையும் பஷீரே எழுதியது. அதற்கு முந்தின வருஷம்தான் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்துக்கு ஒளிப்பதிவு செய்து, இருட்டையே ஒரு பாத்திரமாக்கிக் காட்டியிருந்தார் வின்சென்ட். மலையாளப் படத்திலும் அந்தக் கைவண்ணம் இருக்கிறது, அழகான படம். ஆனால் நடந்தது என்ன? பார்கவி தானாக விழவில்லை, அவளை ஒருவன் கொன்றான், அவள் காதலனையும் கொன்றான் என்று ஒரு கொலை வழக்கு உள்ளே நுழைந்துவிட்டது. எழுத்தாளர் துப்பறிகிறார். குற்றவாளி அகப்படுகிறான். நாம் நிம்மதியாக எழுந்து வீட்டுக்குப் போகிறோம். நீல ஒளி மட்டும் எங்கோ வழியில் தொலைந்துபோய்விடுகிறது. படைத்தவரே தம் கதைக்கு இதைச் செய்ய வேண்டியிருந்தது என்றால், படம் பார்க்க வரும் நாம் காரணத்துக்காக எவ்வளவு ஆளாய்ப் பறக்கிறோம் என்று பாருங்கள்.

நம் தமிழ்ப் படங்கள் இந்த விஷயத்தில் இரண்டு வழிகளை வைத்திருக்கின்றன. ஒன்று, 1966-இல் வந்த 'யார் நீ?' காட்டிய வழி. வெள்ளைப் புடவையும் மழையும் பாட்டுமாக மனசைக் கலக்கிவிட்டு, கடைசியில் எல்லாம் சொத்துக்காகச் செய்த சூழ்ச்சி என்று விளக்கைப் போட்டுவிடுவது. மற்றொன்று 2011-இல் வந்த 'காஞ்சனா' காட்டிய வழி. புதுமைப்பித்தனின் பெயரையே ஏறக்குறைய வைத்துக்கொண்டு, அவர் செய்யாததையெல்லாம் செய்த படம். அநியாயமாகக் கொல்லப்பட்ட ஜீவன் உயிருள்ளவன் உடம்பில் புகுந்து பழி தீர்க்கிறது. இடையில் ஒரு நீண்ட முன்கதை. அதற்கு முன்னும் பின்னும் சிரிப்பு. அதற்கப்புறம் வந்த அரண்மனைகளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

இதில் முன்கதையை மாத்திரம் குறை சொல்லிவிட்டுப் போய்விடலாமென்றால், பழையனூர் நீலி குறுக்கே வந்து நிற்கிறாள். திருவாலங்காட்டுப் பக்கத்து நீலி. சம்பந்தர் தேவாரத்திலேயே குறிப்புள்ள பழைய கதை. கணவன் கையால் மாண்டவள், மறுபிறப்பில் அவனைத் தேடி வருகிறாள், கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. எழுபது வேளாளர்கள் கூடிய சபையில், 'இவர் என் புருஷன், என்னோடு வர மறுக்கிறார்' என்று கண்ணீர் விடுகிறாள். அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று சொல்லி, கையிலிருந்த வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இங்கே காரணம் ஆரம்பத்திலேயே நமக்குத் தெரியும். பாதிக்கப்பட்டவள் அவள்தான், நியாயமும் அவள் பக்கம்தான். இருந்தும் மயிர்க்கூச்செறிகிறது. ஏன்? அவள் கணக்கைத் தீர்க்கும்போது, ஒரு பாவமும் அறியாத எழுபது நல்லவர்களின் உயிர் போகிறது. கணக்குத் தீரவே இல்லை, பெருத்துவிட்டது. காரணம் சொல்வது தவறென்று நான் சொல்லவில்லை. காரணம் சொன்னவுடன் பாக்கி பைசல் ஆகிவிட்டது என்று ரசீது கொடுத்து அனுப்புகிறார்களே, அங்கேதான் நம் படங்களில் பயம் செத்துப்போகிறது.

இதையெல்லாம் நான் இவ்வளவு யோசிப்பதற்கு இந்தக் கரையே காரணம். 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அன்றைக்குத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள். கல்பாக்கத்துக் குடியிருப்பும் சுற்றுவட்டாரக் குப்பங்களும் தப்பவில்லை. இந்தச் சாவுகளுக்கு வில்லன் கிடையாது. பண்ணையார் இல்லை, பங்காளி இல்லை, முன்கதையில் கத்தியோடு வருகிற யாரும் இல்லை. அப்படிப் போனவர்கள் ஒரு கதைக்குள் திரும்பி வந்தால் யாரைப் பழிவாங்குவார்கள்?

2011-இல் ஜப்பானில் இதேபோல் கடல் பொங்கிற்று. அதன் பிறகு இஷினோமாகி ஊரின் டாக்ஸி ஓட்டுநர்கள் சிலர், ஒரு கல்லூரி மாணவியிடம் சொன்ன அநுபவங்கள் உலகமெங்கும் பேசப்பட்டன. வண்டியில் ஏறியவர், அலை துடைத்துக்கொண்டு போன பகுதிக்குப் போகச் சொல்கிறார். போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால் பின் ஆசனம் காலி. நடந்ததா, மனப்பிரமையா என்ற விசாரணை எனக்கு வேண்டாம். மீட்டரைப் போட்டுவிட்டதால் கூலியைத் தங்கள் கைக்காசிலிருந்து கட்டினார்கள் என்பதும், மறுபடி வந்தாலும் ஏற்றிக்கொள்வோம் என்ற மாதிரியே பேசினார்கள் என்பதும்தான் என்னை உலுக்கின.

தமிழில் இதற்குக் கிட்டத்தட்ட வந்த படம் என்று மிஷ்கினின் 'பிசாசு' (2014) ஒன்றைத்தான் சொல்வேன். பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். விபத்தில் அடிபட்ட பெண்ணைக் காப்பாற்ற முயன்றவன் வீட்டுக்கு அவளே பிசாசாக வருகிறாள். துன்புறுத்த அல்ல, காவலாக. அவளை மோதியது யார் என்று ஊரெல்லாம் தேடுகிறான். தேடியது தன்னையே என்று தெரிகிறது. அவளுக்கு அது முன்பே தெரியும். பழி வாங்க வேண்டிய இடத்தில் பழி வாங்காமல் இருக்கும் பேயைக் கண்டு நான் நடுங்கியதைப்போல், எந்தக் கோரமுகத்தைக் கண்டும் நடுங்கியதில்லை.

என் பதினோரு பக்கத்துக்கு வருகிறேன். மீன்காரி ஒருத்தி ஞாயிறுதோறும் ஒரு வீட்டு வாசலுக்குக் கூடையோடு வருகிறாள். வீட்டுக்காரி மீன் வாங்குகிறாள், காசு கொடுக்கிறாள். 2004 டிசம்பரில் இவள் அவளுக்கு எட்டு ரூபாய் பாக்கி வைத்தது இருவருக்கும் ஞாபகம் இருக்கிறது. இருவரும் அதைப் பேசுவதில்லை. படித்துப் பார்த்த நண்பர், 'யார் இவளைக் கொன்றது? அதைச் சொல்லும், பிய்த்துக்கொண்டு போகும்' என்றார். கடலைத் தவிர யாரைக் காட்டுவது? அந்த எட்டு ரூபாயை வீட்டுக்காரி எடுத்துக் கொடுப்பதா, வேண்டாமா என்பதில்தான் பேனா நின்றுகொண்டிருக்கிறது. கொடுத்துவிட்டால் மறு ஞாயிறு அவள் வரமாட்டாள்.