ஒன்றுக்கு ஒன்று: மைன்கிராஃப்ட்டில் புவியைக் கட்டும் கூட்டுமுயற்சி – ஒரு திறனாய்வு

மைன்கிராஃப்ட் விளையாட்டில் பல்லாண்டு நீளும் கூட்டுக் கட்டுமானங்கள் புதியன அல்ல. டோல்கீனின் மிடில் எர்த்தைக் கட்டும் பணி 2010இலும், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வெஸ்டெரோஸைக் கட்டும் பணி 2011இலும் தொடங்கின. இவ்விரண்டுக்கும் மூலம் புனைவு நூல். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பில்ட் தி எர்த்' திட்டத்திற்கு மூலம் புவியே. ஒரு கனசதுரக் கட்டை ஒரு மீட்டர் என்பது அதன் அடிப்படை விதி.

விளையாட்டின் உலகம் ஏறத்தாழ 6 கோடி கட்டை அகலமுடையது. 4 கோடி மீட்டர் சுற்றளவுடைய புவிக்கு அதில் இடமுண்டு. இடர்ப்பாடு உயரத்தில்தான் இருந்தது. அன்றைய எல்லை 256 கட்டை. எவரெஸ்ட்டோ 8,848 மீட்டர். உயர எல்லையை 'மோட்' எனப்படும் துணைநிரல் ஒன்று நீக்கியது. மற்றொன்று நிலத்தின் ஏற்ற இறக்கங்களையும் சாலைகளையும் திறந்த நிலவரைபடத் தரவுகளிலிருந்து தானே உருவாக்கியது. எஞ்சிய கட்டடங்களே மனிதர் பணி. அதனை நாடு, வட்டாரம் வாரியான குழுக்கள் பகிர்ந்துகொண்டன. இவ்வளவு பெரிய பணி சிதறாமல் நிற்பதற்கு இப்பகிர்மானமே காரணம் எனலாம்.

ஆயினும் மூலத்தின் தன்மை குழுவின் உழைப்பையும் மாற்றிவிடுகிறது. புதினம் ஒரு கோட்டையின் சாளரங்களை எண்ணிச் சொல்வதில்லை. எனவே வெஸ்டெரோஸைக் கட்டுவோர் வாசித்து, விவாதித்து, முடிவெடுக்க வேண்டும். அவர்கள் ஒருவகையில் உரையாசிரியர்கள். புவியைக் கட்டுவோருக்கு அவ்வுரிமை இல்லை. ஒளிப்படமே தீர்ப்பு வழங்குகிறது. ஒளிப்படம் எல்லா ஊர்க்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதே இங்குச் சிக்கல். செயற்கைக்கோள் படம் கூரையைக் காட்டும்; தெருவைப் பார்த்த சுவரைக் காட்டாது. கூகுளின் தெருக்காட்சிப் படங்கள் இந்திய நகரத் தெருக்களுக்குப் பரவலாக வந்தது 2022 ஜூலையில்தான். முதற்கட்டப் பத்து நகரங்களுள் சென்னையும் ஒன்று. அதற்கு முன் பாரிஸ் தெருவொன்றைக் கட்டுபவர் இருந்த இடத்திலிருந்தே படி எடுக்க, சென்னைத் தெருவைக் கட்டுபவர் நேரில் சென்று படம்பிடிக்கவோ ஊகிக்கவோ வேண்டியிருந்தது. ஒரே விதி, ஒரே அளவு. உழைப்பு மட்டும் ஒன்றன்று.

ஊகத்தைக் குறை என்று கொள்வதைவிட, அது மறைந்துபோவதே பெருங்குறை. சிதைந்த ஏட்டைப் பதிப்பிப்போர் விடுபட்ட எழுத்துகளைப் புள்ளியிட்டுக் காட்டுவர். கட்டி முடிந்த சுவரிலோ அளந்தது எது, ஊகித்தது எது எனப் பார்ப்பவர் பிரித்தறிய வழியில்லை. ஏட்டுப் பதிப்பின் இந்நாணயம் மெய்நிகர் கட்டுமானத்திற்கும் வேண்டுவதே.

காலம் பற்றிய வினாவும் எஞ்சுகிறது. புதினத்தின் கோட்டை அச்சில் மாறாது நிற்கும். நகரம் அவ்வாறு நிற்பதில்லை. 2020இல் படி எடுத்த வீடு பின்னர் இடிக்கப்பட்டால், விளையாட்டிலும் அதனை நீக்குவதா, நிறுத்திவைப்பதா? நீக்கினால் திட்டம் நிகழ்கால வரைபடம். வைத்திருந்தால் ஆவணக் காப்பகம். ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவுவிதி இவ்விரண்டில் எதையும் தேர்ந்து தருவதில்லை.