பாதி விலை கட்டியவரின் இருக்கை

டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் சீட்டைப் பார்க்கும் முன்பே காசு வைத்தாக வேண்டிய இருக்கைகள் இரண்டு. டீலர் பட்டனுக்கு இடப்பக்கம் சின்ன பிளைண்ட், அதற்கடுத்து பெரிய பிளைண்ட். பட்டன் மேசையைச் சுற்றிவர, இந்த வரி எல்லோருக்கும் முறை வைத்து விழும். போக்கரின் மிக நுட்பமான ரசனை இந்தப் பெரிய பிளைண்டில்தான் இருக்கிறது, அதுவும் சில்லறைப் பணத்துக்கு ஆடும் லிமிட் மேசையில்தான் என்பது என் கட்சி. இருக்கிற காசையெல்லாம் தள்ளிவிட்டு எழுந்து நிற்கும் தொலைக்காட்சிப் பரபரப்பு இங்கே கிடையாது. நாலு டாலர் போடலாமா, வேண்டாமா? அவ்வளவுதான் கேள்வி.

4-8 லிமிட் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிளைண்டுகள் 2 டாலர், 4 டாலர். முதல் இரண்டு சுற்றுக்கும் பந்தயம் 4, அடுத்த இரண்டுக்கும் 8. பட்டனில் இருப்பவர் 8 என்று ரெய்ஸ் செய்ய, சின்ன பிளைண்ட் சீட்டைப் போட்டுவிட்டால் நடுவில், பானையில், 14 டாலர் கிடக்கும். இன்னும் 4 போட்டால் ஃப்ளாப், அதாவது நடுவில் விரியும் முதல் மூன்று பொதுச் சீட்டு, பார்க்கலாம். நூற்றுக்கு 22 முறை ஜெயித்தாலே கணக்கு நேராகிவிடும். இனம் மாறிய ஏழும் இரண்டும் படுமோசமான கை என்று பேர் வாங்கியது. அதுகூட, எதிராளி கையில் எந்தச் சீட்டும் இருக்கலாம் என்று வைத்தால், நூற்றுக்கு 34 முறை ஜெயிக்கும். அப்படியானால் எதையுமே விடக்கூடாதே?

விடத்தான் வேண்டும். முதல் காரணம் ரேக். பானையில் பத்து சதவீதம், ஜாக்பாட்டுக்கு ஒரு டாலர் என்று கார்டு ரூம் எடுத்துக்கொண்டால் 14 என்பது 11 ஆகிவிடும், 22 என்பது 27 ஆகிவிடும். பெரிய மேசைகளில் உறைக்காத இந்தச் சில்லறை 4-8-ல் நன்றாகவே உறைக்கும். இரண்டாவது காரணம் இடம். ஃப்ளாப்புக்கு முன் கடைசியாகப் பேசும் பெரிய பிளைண்ட், அதன்பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பட்டனுக்கு முன்னால் வாய் திறந்தாக வேண்டும். பாதி வழியில் பயந்து போட்டுவிடும் கைகளும் உண்டு என்பதால், காகிதத்தில் இருக்கும் 34 முழுசாகக் கைக்கு வந்து சேராது. ‘ஏற்கெனவே வைத்த 4 டாலர் என்னுடையதாயிற்றே’ என்ற ரோஷம் வேறு. வைத்த காசு பானையுடையது.

இனிமேல்தான் ருசியான இடம். சின்ன லிமிட் மேசையில் ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் அரிது. பெரும்பாலோர் பந்தயத்தை ஏற்றாமல் ஈடுகட்டி, கால் செய்துகொண்டே போவார்கள். ஒரு மணி நேரமாகக் காப்பியை உறிஞ்சியபடி சீட்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்த பெரியவர் ஒருவர், திடீரென்று முன் இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்கிறார். அவர் கையில் இருப்பது ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, இல்லையென்றால் ஏஸ்-ராஜா. நம் கையில் இனம் மாறிய ஏஸ்-ஒன்பது. பார்க்க லட்சணமான கை, ஆனால் அவருக்கு எதிரே ஏறக்குறைய 25 சதவீதம்தான். அதே இடத்தில் ஒரே இனத்தில் ஏழு-ஆறு வந்திருந்தால் 30-ஐத் தொட்டுவிடும். நம்முடைய ஏஸ் அவருடைய ஏஸோடு மோதிச் சாகிறது. ஏழு-ஆறு யாரோடும் மோதாமல் தன் வழியே போகிறது. இப்படி அழகான கை அசடாகி, பரதேசிக் கை துரையாகும் தலைகீழாட்டத்துக்காகவே நான் இந்த இருக்கையை விரும்புகிறேன்.

கூட்டம் சேர்ந்தால் இது இன்னும் கூடும். ரெய்ஸுக்குப் பின்னால் மூன்று பேர் கால் செய்துவிட்டால் நடுவில் 38 டாலர். ரேக் போகவும் நூற்றுக்கு 11 போதும். இரண்டு-இரண்டு ஜோடிக்குக்கூட மூன்றாவது இரண்டு ஃப்ளாப்பில் எட்டரைக்கு ஒருமுறை வரும், விலை கிட்டத்தட்டக் கட்டுப்படியாகும். இனம் மாறிய ராஜா-ஏழுக்கோ கூட்டம்தான் எமன். ராஜா விழுந்தாலும் பக்கத்துச் சீட்டு யாருடையது பெரிது என்ற பயத்திலேயே காசு கரையும்.

ஃப்ளாப்பில் ஒன்பது, ஏழு, இரண்டு விழுந்து, நம் ஏழு-ஆறில் ஏழு ஜோடியானது என்று வைப்போம். நடுவில் நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களை விரட்ட வேண்டும். ரெய்ஸ் செய்தவர் பட்டனில் இருந்தால் செக் சொல்லிக் காத்திருக்கலாம். அவர் 4 போட்டதும் 8 ஆக்கினால், நடுவில் இருப்பவர்கள் இரட்டைப் பந்தயத்தைச் சந்திக்க வேண்டும். அவர் நமக்கு அடுத்த இருக்கையிலேயே இருந்தால் முறை நேர் எதிர். நாமே 4 போட வேண்டும், அவர் ஏற்றுவார், விரட்டும் வேலையை அவர் தலையிலேயே கட்டிவிடலாம். ஒரே நோக்கத்துக்கு, இருக்கையைப் பொறுத்து இரண்டு எதிரெதிர் நடைகள். இது கைகூடும்போது வரும் மகிழ்ச்சிக்கு 4 டாலர் மலிவு.

2015 ஜனவரியில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங்கின் குழு, செஃபியஸ் என்ற நிரல் இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை நடைமுறையில் தீர்த்துவிட்டதாக ‘சயன்ஸ்’ இதழில் அறிவித்தது. பெரிய பிளைண்டில் உட்கார்ந்த செஃபியஸ், மனிதர்கள் வழக்கமாக ஆடுவதைவிட அதிகக் கைகளை ஆடியது. வாஸ்தவம்தான். ஆனால் செஃபியஸ் ரேக் கட்டுவதில்லை, ஒன்பது பேர் மேசையில் உட்காருவதும் இல்லை. எல்லோரும் விலகி, பட்டனும் நானும் மட்டும் மிஞ்சினால் நான் அதன் கட்சி, ராஜா-ஏழுக்கும் 4 டாலர் போடுவேன். ரெய்ஸ் அந்தக் காப்பிப் பெரியவரிடமிருந்து வந்தால் ஏஸ்-ஒன்பதைப் போட்டுவிட்டு, அடுத்த கைக்கான சின்ன பிளைண்டுக்கு 2 டாலரை எடுத்து வைப்பேன்.